சுவரில் துளையிடக் கூடாது

ஒப்பந்தத்தின் ஒன்பதாவது விதி அது.
கையெழுத்துப் போட்ட நாளில்
மின்தூக்கி பழுது.
ஒரு கையில் அரிசிப் பை, மறு கையில் கேஸ் அடுப்பு,
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஆறாம் தளம்வரை
நடந்தே ஏறியவள் நான்.
எனக்கெதற்குச் சுவரில் துளை?
நாள்காட்டியைக்கூட
ஒட்டுநாடாவில்தான் மாட்டினேன்.

பிறகு இடது கால்
என்னைக் கேட்காமல்
விடுப்பு எடுக்கத் தொடங்கியது.
முதலில் வாரத்தில் ஒரு நாள்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து
பஸ்ஸுக்கு மூன்று எட்டு இருக்கையில்
நின்றுவிட்டேன்.
ஓட்டுநர் எனக்காகக் காத்திருந்தார், பாவம்,
எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து
அளவுநாடாவோடு வந்தாள் ஷஸ்லின்.
வீட்டை அளந்தாள், பிறகு என்னை.
தரையிலிருந்து முழங்கை தொண்ணூற்று நான்கு.
குளியலறைக் கதவு அறுபத்தாறு.
சக்கர நாற்காலி அறுபத்து மூன்று,
'இப்போது இல்லை அக்கா,
சும்மா எழுதி வைக்கிறேன்.'
குளியலறை வாசல் மேடு பதினொன்று.

பதினொரு சென்டிமீட்டர்.
கொடிமலைக்கே ரயில் விட்டிருக்கிறார்கள்.
இதற்கு விடவில்லை.

'கைப்பிடி இங்கே' என்று
பென்சிலால் பெருக்கல் குறி போட்டாள்.
'ஆனால் போகப் போக மாறும்.'
கைப்பிடியா, நானா என்று
நான் கேட்கவில்லை.

மேடம் சியாவுக்குப் போன் செய்தேன்.
டைல்ஸ் விரிசல் விட்டால்?
நாளை வேறு ஆள் குடிவந்தால்?
ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே என்று
வாடகையைக் குறைத்துக் கேட்டால்?
எல்லாம் நியாயமான கேள்விகள்.
வீடு அவருடையது.
விழுவது மட்டும்தான் என்னுடையது.

ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடி ஒன்று
முப்பத்தொன்பது வெள்ளிக்குக் கிடைத்தது.
மூன்றாம் நாள் காலை
அது என் கையோடு வந்துவிட்டது,
கூப்பிட்டவுடன் கிளம்பிவிடும்
சொந்தக்காரர் மாதிரி.
வாளி உருண்டது.
ஈரத்தில் உட்கார்ந்தபடி
முதல் தடவையாக அந்த உயரத்திலிருந்து
என் குளியலறையைப் பார்த்தேன்.

எல்லா டைல்ஸும் மஞ்சளேறிய வெள்ளை.
நான்கே இடங்களில்
பட்டாணி அளவில் வேறு வெள்ளை.
கையை உயர்த்தி நகத்தால் சுரண்டினேன்.
பொடி உதிர்ந்தது.
உள்ளே, திருகாணிக்கென்று செருகிய
சிவப்புப் பிளாஸ்டிக் குழல்.

பென்சில் குறிக்கு
இரண்டு விரற்கடை கீழே.
என்னைவிடக் கொஞ்சம் குள்ளமான யாரோ.

எந்த மொழியில் முனகினார்,
எந்தக் கால் முதலில்,
எப்படிக் காலி செய்து போனார், படியிறங்கியா, தூக்கியா,
தெரியவில்லை.
அவர் பிடித்த இடம் தெரிகிறது.

படமெடுத்து மேடம் சியாவுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு. பதிலில்லை.
மறுநாள் சாயங்காலம் வந்தது:
'முன்பு இருந்தவர்.
டெபாசிட்டில் நூற்றைம்பது பிடித்துக்கொண்டேன்.'
சோறு வெந்து, வடித்து, ஆறிய பிறகு
இன்னொன்று:
'அதே ஓட்டையென்றால் போட்டுக்கொள்.'

ஆக, நான் விதியை மீறவில்லை.
துளையிடவில்லை,
அடைத்ததைத் திறந்தேன்.
கீழ்வீட்டு ரொஃபிக் நான்கு திருகாணி முடுக்கினான்,
தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிக் காட்டினான்,
காசு வாங்காமல்
ஒரு டின் மைலோ மட்டும் குடித்தான்.

ஷஸ்லின் வந்து மறுபடி அளந்தாள்.
'தாழ்வாக இருக்கிறதே அக்கா' என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
'உட்கார்ந்தபடி பிடிக்கும்போது
சரியாக இருக்கும்' என்றாள்.
சொன்ன பிறகுதான்
என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.
அளவுநாடா 'சர்'ரென்று உள்ளே ஓடியது.

இப்போதைக்குக் குனிந்து பிடிக்கிறேன்.
வலது கால் முதலில்.
பதினொன்று.